சிவப்புத் தாளும் பச்சைத் தாளும்

என் மகள் தன் பள்ளியில் ஒரு கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. சினிமாவுக்கு முதன்முதலில் நிறம் கொண்டுவந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில், சிவப்புக் கண்ணாடி வழியாக ஒன்று, பச்சைக் கண்ணாடி வழியாக ஒன்று என மாறி மாறிப் படம் பிடித்து, அதே நிறக் கண்ணாடிகளை ஒரு சக்கரத்தில் சுழலவிட்டுத் திரையில் காட்டியவர் அவர்.

டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் எங்கள் வீட்டில், ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசையில் அந்தச் சக்கரத்தை அட்டையில் செய்துகொண்டிருந்தோம். மகள் பச்சைத் தாளைக் கேட்டாள். என் கணவர் சிவப்பை நீட்டினார். நான் சிரித்தேன்.

பழகிப்போன சிரிப்பு அது. பழுத்தது என்று காய்த் தக்காளியாகப் பொறுக்கி வருவார். பச்சை என்று சொல்லி எனக்கு அவர் பழுப்புப் புடவை வாங்கி வந்ததை, பொங்கல் பாட்லக் விருந்தில் நாலு குடும்பத்துக்கு முன்னால் நடித்தே காட்டியிருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டு விஷயத்தில் அக்கறை இல்லாத மனுஷர் என்றே பதினான்கு வருடமாக நினைத்திருந்தேன்.

மகள் பசை எடுக்க மாடிக்குப் போனதும், "எனக்கு அந்த ரெண்டு கலரும் ஒரே மாதிரிதான் தெரியும்" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார். படித்து முடித்ததும் ரயில்வே வேலை கிடைக்கவிருந்ததாம். கண் பரிசோதனையில் நிறப் புள்ளிகளுக்குள் இருந்த எண்ணைப் படிக்க முடியவில்லையாம். வெளியே தெரிந்தால் பெண் கிடைக்காது என்று வீட்டில் மூடி மறைத்துவிட்டார்கள்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று நான்தான் குற்றம் சாட்டினேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ முதல் தடவை சிரிச்சதும் விட்டுட்டேன்."

மகள் இறங்கி வந்து, எழுதியதை வாசித்தாள். நீலம் சரியாக வரவில்லை என்று போட்டியாளர்கள் வழக்குப் போட்டு அந்த மனிதரின் காப்புரிமையையே ரத்து செய்ய வைத்துவிட்டார்களாம். "தட்ஸ் நாட் ஃபேர்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அந்த நாலு வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், அவங்களுக்கு அது ஒரு ஜோக், அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அவர் கோபப்படவே இல்லை.

மகளிடம் மட்டும் அந்த வாரமே அவராகச் சொன்னார். அம்மாவுக்கு இது தெரியுமா என்று அவள் கேட்டாள்.

"தெரியுமே" என்றார். எப்போதிலிருந்து என்று சொல்லவில்லை.