திரையை மறைத்த கருநீலப் புடவைகள்

போன வருஷம் ஐப்பசியில், திருத்தணி கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் அந்த யோசனை வந்தது. ஒதுங்கிய இடம், ஊருக்கே அடையாளமான, மூடிக்கிடந்த பழைய சினிமா கொட்டகை. உடைந்த கதவு வழியே உள்ளே நுழைந்தேன். இடையில் நெல் குடோனாக இருந்ததால் சரிவான தரையைச் சமப்படுத்தியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். அம்மாடி, என்ன உயரம்! இங்கே ஷட்டில் ஆடினால்?

உரிமையாளரோ இடித்துவிட்டுக் கடைகள் கட்டும் முடிவில் இருந்தார். விடாமல் நச்சரித்தேன். "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம ஆடிக் காட்டு. சரியா வர்லன்னா இடிச்சிருவேன்" என்றார்.

நண்பர்கள் சேர்ந்து கழுவினோம், கோடு போட்டோம், விளக்கு கட்டினோம். வெள்ளைத் திரையை மட்டும் நான் தொடவிடவில்லை. கொட்டகை என்றால் திரை வேண்டாமா? பயிற்சியில் எப்போதும் திரைக்கு முன்னால்தான் நிற்பேன். போட்டோவில் ஹீரோ மாதிரி தெரியும். எதிரில் ஆடும் நண்பன் தவறவிட்டுக்கொண்டே இருப்பான். எல்லாம் என் திறமை என்றே நினைத்தேன்!

அந்த ஞாயிறு மணவூரிலிருந்து ஓர் அணி வந்தது. நல்ல கூட்டம். நாலு புள்ளிகூட ஆகவில்லை, எதிரில் ஆடியவர் மட்டையை இறக்கிவிட்டார்.

"இன்னாப்பா, மந்திரம் எதுனா பண்றியா? ஷட்டில் வர்றதே தெர்லயே!"

ஓடிப்போய் அவர் பக்கம் நின்று பார்த்தேன். வெள்ளைத் திரை, வெள்ளை ஷட்டில். ஒன்றுமே தெரியவில்லை.

"கண்ணாமூச்சி ஆடறதுக்கா கூப்ட்டீங்க?" என்று கூட்டத்தில் ஒரு குரல். ஒரே சிரிப்பு. பார்க்க வந்திருந்த உரிமையாளர் கிளம்ப எழுந்துவிட்டார்.

வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே வந்தார். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர், கடைக்குப் புடவை போட வந்தவர். மூட்டையை அவிழ்த்தார்.

"இன்னா நைனா முழிக்கிற? கருநீலம் பத்து கீது. எடுத்துக் கட்டு."

"புதுப் புடவைண்ணே! கடைக்குப் போவணுமே?"

"ஆங், சாயங்காலம் போவட்டும். நானும் மேட்ச் பாக்க வேணாவா? அழுக்குப் படாம கட்டு, அவ்ளோதான்."

கயிறு இழுத்துக் கட்டி, புடவைகளைத் தொங்கவிட்டோம். ஷட்டில் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்ததும் மணவூர்க்காரர்கள் எங்களை வெளுத்து வாங்கினார்கள். விசில் பறந்தது, முதல் நாள் முதல் காட்சி போல.

"தோத்துட்டு இன்னாடா சிரிப்பு?" என்றார் உரிமையாளர். "அடுத்த வாரம் எத்தினி மணிக்கு?"

நான் துள்ளிக் குதித்து முடிப்பதற்குள், தறிக்காரர் புடவைகளை மடிப்புக் கலையாமல் மடித்துக்கொண்டு கிளம்பியிருந்தார். பேரைக்கூடக் கேட்கவில்லை.

இப்போது திரைக்கு முன்னால் இழுத்தால் விலகும் ஒரு படுதா இருக்கிறது. வருகிற சனிக்கிழமை பகலில் பெண்கள் போட்டி. மாலையில் படுதாவை விலக்கி, கொட்டகை மூடிய பிறகு முதல்முறையாகப் படம் போடப்போகிறோம். அதற்காகத் தினமும் ஒவ்வொரு மூலையிலும் உட்கார்ந்து, திரை தெரிகிறதா என்று பார்க்கிறேன். எதிர்ப்பக்கம் போய் நிற்காமல் எதையும் சரியென்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.