பத்து லிட்டர் கடல்

காலை 5.10. மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கையில் பத்து லிட்டர் கேனும், மறு கையில் அறுபத்து நான்கு ஸ்லைடு கொண்ட என் சொற்பொழிவுமாக ஏறினேன். மதுரைக்குக் கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோமீட்டர்.

"கேன்ல என்ன சார், டீசலா?" என்றார் நடத்துநர்.

"கடல்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எனக்கு நூற்று முப்பது, கடலுக்கு லக்கேஜ் முப்பது என்று கிழித்துக் கொடுத்தார்.

கேனுக்குள் முந்தின மாலை வலையில் அள்ளிய நண்டுக் குஞ்சுகள். கடுகை விடச் சிறியவை. எங்கள் பல்கலைக்கழகக் கடலியல் துறைக்கும் கீழக்குயில்குடிப் பக்கமிருக்கும் ஓர் அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் ஒப்பந்தம்: கடல் எங்கள் பொறுப்பு, பிள்ளைகள் அவர்கள் பொறுப்பு. இன்று முதல் நாள். அங்கே விளக்கம் சொல்லும் பாண்டிச்செல்விக்கு மூன்று மாதம் வீடியோவில் பாடம் எடுத்திருந்தேன். உயிரோடு கடலைக் காட்டுவதாகப் பள்ளிக்கூடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார் அவர். இன்று சொதப்பினால் கடல் அறையை, ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடி விளையாட்டுக்குக் கொடுத்துவிடுவதாக மேலாளரும் சொல்லிவிட்டார்.

6.45. பரமக்குடி. கேனுக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் நின்றது. பேட்டரி காலி. பையைத் துழாவினேன். மாற்றுச் சட்டை இரண்டு, சொற்பொழிவுக்குப் பிரதி மூன்று. மாற்றுப் பேட்டரி? அதற்குத்தான் முனைவர் பட்டத்தில் தாள் வைக்கவில்லையே. தண்ணீரில் காற்றுக் கலக்கட்டும் என்று மதுரை வரை கேனை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே வந்தேன்.

"இம்புட்டு நேரம் தாலாட்டுறீகளே, தூங்கிருச்சா?" என்றார் பக்கத்து இருக்கை அம்மா.

8.50. மாட்டுத்தாவணி. ஆட்டோ நானூறு ரூபாய்.

"மெதுவாப் போங்கண்ணே, உள்ள குஞ்சு இருக்கு."

"கோழியா சார்?"

"நண்டு."

ஓட்டுநர் கேனுக்குள் எட்டிப் பார்த்தார். "ரசத்துக்குக் கூடப் பத்தாது போலயே!"

10.00. அருங்காட்சியகம். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கேனின் அடிக்குழாயைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். அசைவில்லை. இன்னொரு சொட்டு. அதிலும் இல்லை. பாண்டிச்செல்வியின் முகம் வாடியது.

"செத்திருச்சும்மா. பரவாயில்ல, என்கிட்ட ஸ்லைடு இருக்கு" என்றேன்.

மூன்றாவது ஸ்லைடில் முதல் கொட்டாவி வந்தது. ஐந்தாவதில் மேலாளர் சுவரை அளக்கிற மாதிரி பார்த்தார்.

பாண்டிச்செல்வி விளக்கை அணைத்தார். கேன் தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, கறுப்புத் துணியால் மூடி, ஒரு மூலையில் மட்டும் கைபேசி டார்ச்சை வைத்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"செத்தது அடியில தங்கும், உயிரோட இருக்கறது வெளிச்சத்துக்கு நீந்தி வரும். நீங்கதான சார் நாலாவது பாடத்துல சொன்னீங்க? நீங்க அடிக்குழாயத் தொறந்தா என்ன வரும்?"

எனக்கு இருட்டு மிகவும் வசதியாக இருந்தது.

பத்து நிமிடம் கழித்து வெளிச்ச மூலையில் தூசி மாதிரி ஒரு கூட்டம் துடித்தது. அதிலிருந்து ஒரு சொட்டு. முதலில் குனிந்த சிறுமி நிமிரவே இல்லை.

"ஏய், கண்ணு கறுப்பா உருண்டையா இருக்குடி! தலையில கொம்பு வேற!"

"போதும்டி, எனக்கும் காட்டு!"

வரிசை கலைந்தது. அதில் இடித்துக்கொண்டு நின்றவர்களில் மேலாளரும் ஒருவர். மூன்றாவது முறை பார்த்துவிட்டு, "கண்ணாடி விளையாட்ட மாடிக்கு ஏத்திக்கிருவோம் செல்வி" என்றார்.

மாலை 3.30. மாட்டுத்தாவணி. கேன் காலியாக இல்லை. கீழக்குயில்குடிக் கண்மாய்த் தண்ணீரை நிரப்பி, "ஒங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு இதக் காட்டுங்க சார்" என்று கொடுத்துவிட்டிருந்தார் பாண்டிச்செல்வி. மோட்டாரில் புதுப் பேட்டரியும் அவரே போட்டது. எங்கள் மண்டபத்துப் பிள்ளைகள் தினமும் கடலில் குதிக்கிறார்கள். ஆனால் ஒரு சொட்டுக்குள் குனிந்து பார்க்க அங்கே ஓர் அறை கிடையாது. அவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தும், காட்ட வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றவில்லை.

"கேன்ல என்ன சார்?" என்றார் இந்த நடத்துநர்.

"கம்மாய்ண்ணே."

லக்கேஜ் முப்பது. ஸ்லைடுகளைப் பையின் அடியில் தள்ளிவிட்டு, கைபேசி டார்ச் எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.