இஸ்திரிக்காரரின் நட்சத்திரம்

மர்பி டவுனில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவரின் நெற்றியில் எப்போதும் கரித்தூள் ஒட்டியிருக்கும். சட்டையை மடிக்கும்முன் காலரை உள்ளங்கையால் ஒருமுறை நீவிக்கொடுப்பார். வேலைக்கென்று வெளியூர் போன அவருடைய மகனைப் பற்றி மூன்று வருடமாகத் தகவல் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள் கிறிஸ்தவர்களான எங்களுக்கு ஆண்டவரின் வருகைக்குக் காத்திருக்கும் காலம். முதல் ஞாயிறே வண்டியில் காகித நட்சத்திரம் கட்டிவிடுவார்.

"துக்க வீட்லதான் சார் ஸ்டார் கட்டமாட்டாங்க. நான் கட்டாம விட்டா, அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். கைவிட மாட்டேன்னு ஆண்டவர் வாக்கு குடுத்திருக்காரே."

போன டிசம்பரில் வண்டியில் நட்சத்திரம் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, "இன்னும் கட்டலையா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கெடைச்சுட்டான் சார். உயிரோட இல்ல."

துணிகளுக்கு அடியிலிருந்து அந்த நட்சத்திரத்தை எடுத்தார். கசங்கலை நீவிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இந்த வருஷம் நான் கட்டக்கூடாது. உங்க வீட்ல கட்டுங்க. வர வேண்டியவர் வருவாரு இல்ல?"

கோயிலுக்குப் போகிறேனே தவிர, நான் பெரிய நம்பிக்கைக்காரன் இல்லை. ஆனாலும் உள்ளே விளக்கு வைத்துப் பால்கனியில் கட்டினேன். அந்த மாதம் முழுக்க, நான் அதன் விளக்கைப் போடும்வரை அவர் வண்டியை மூடவில்லை.