மலைப் படத்தின் கீழோரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே சில வருடங்கள் போய்விட்டன. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பட்டுச் சேலை வாங்கி விற்கிறவனுக்குக் கோர்வையாக எழுத எங்கே வரும் என்ற தயக்கம் ஒரு பக்கம். சாமி சம்பந்தப்பட்ட விஷயத்தில் வாயைத் திறந்து பாவத்தைத் தேடிக்கொள்வோமோ என்ற பயம் இன்னொரு பக்கம். ஆனால் போன மாதம் களம்பூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், நான் யாரென்று தெரியாமல், என் மகன் கதையை என்னிடமே சொன்னார். ஆரணியில் ஒரு வீட்டில், செத்துப்போன பிள்ளை சாமி படத்துக்குள் வந்து நிற்கிறானாம். அந்தப் படத்திலிருந்து விபூதி கொட்டுகிறதாம். நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்கு ஒரே மகன். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வெளிநாட்டில் வேலை பார்த்தான். சம்பளம் எல்லாம் கேமராவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் போனது. லீவு கிடைத்தால் ஏதாவது ஒரு தேசத்துக்குக் கிளம்பிவிடுவான். ஆப்பிரிக்காவில் யானை, சிங்கம். துருக்கியில் பள்ளிவாசல் கூரை. கம்போடியாவில் மரத்தின் வேர் கவ்விப் பிடித்த கோயில். வடக்கே எங்கேயோ பனிப்பாறை மேல் வரிசையாக உட்கார்ந்த பறவைகள். எல்லாம் அம்மாவின் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். ஊருக்கு வந்தாலும் வீட்டில் தங்க மாட்டான். விடிவதற்குள் பக்கத்திலிருக்கிற திருமலைக்குப் போய், சமணக் கோயில் பாறை மேல் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பான்.

"கல்யாணம் எப்போடா?" என்று என் மனைவி கேட்டால், "லைட்டிங் சரியா அமையட்டும்மா" என்பான்.

"உன் மூஞ்சிய ஒண்ணு எடுத்து அனுப்பேன்டா. கழுதப்புலிய எல்லாம் அனுப்பற."

"என்னத்தான் தெனம் போன்ல பாக்கறியே. கழுதப்புலி உனக்குப் போன் பண்ணுமா?"

ஒரு தடவை வந்தபோது பெரிதாக அச்சுப் போட்ட படம் ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்தான். தென் அமெரிக்காவில் எடுத்தது. மலை முழுக்கப் பனி. காலை வெயில் பட்டு உச்சி தங்கம் மாதிரி இருந்தது. என் மனைவி பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போய்க்கொண்டிருந்தவள். முட்டி தேய்ந்துபோய், அந்த வருடம்தான் போவதை நிறுத்தியிருந்தாள். படத்தை விரித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இது அர்ஜென்டினா."

"இருக்கட்டும். மலையே சாமின்னு சுத்தி வந்தவடா நான். அண்ணாமலையார் அங்க பனிய போத்திகினு உக்காந்துகினு இருக்காரு."

"அப்போ அவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்துட்டு வந்திருப்பேனே" என்று சிரித்தான். ஆனாலும் அம்மா சொன்னபடி அதைப் பூஜை அறையில் மாட்டச் சம்மதித்தான்.

பிரேம் போட நானும் அவனும் பஜாருக்குப் போனோம். கடைக்காரரிடம் படத்தின் கீழோரத்தைக் காட்டி, "அண்ணா, இங்க என் நிழல் விழுந்துடுச்சு. ஓரத்து அட்டைய கொஞ்சம் மேல ஏத்தி மறைச்சுடுங்க" என்றான். குனிந்து பார்த்தேன். பனித்தரையில் நீளமாக ஒரு ஆள் நிழல். முழங்கை இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டு, கேமராவைப் பிடித்தபடி.

"இருந்தா இன்னாடா? நீதானே" என்றேன்.

"எடுக்கறவன் படத்துல தெரியக்கூடாதுப்பா. அது தப்பு."

அவன் தொழில் அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து என் மனைவி அந்தக் கண்ணாடியில், மலையின் அடிவாரத்தில், தினமும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டு வந்தாள்.

பிறகு அவன் போய்விட்டான். யானைகளைப் படம் எடுக்கப் போன காட்டில் வண்டி கவிழ்ந்தது. அவனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். பெற்றவள் கடைசியாக முகம் பார்க்கவில்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குச் சக்தி இல்லை.

கருமாதி முடியும்வரை பூஜை அறையைத் திறக்கவில்லை. அவள் காபித் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொண்டாள். காரியம் முடிந்து வீடு கழுவின அன்று, என் மச்சான் சாமி படங்களை இறக்கும்போது மலைப் படம் நழுவி விழுந்து கண்ணாடி உடைந்தது. பயந்துபோய் அவனே அதை எடுத்துக்கொண்டு ஓடினான். பழைய பிரேம் கடை பூட்டியிருந்ததால் வேறு கடையில் கொடுத்திருக்கிறான். அவர்கள், ஓரத்து அட்டை பூசணம் பிடித்துவிட்டது என்று எடுத்துப் போட்டுவிட்டு, படம் முழுவதும் தெரிகிற மாதிரி புது பிரேம் போட்டுக் கொடுத்தார்கள்.

முதலில் பார்த்தவள் என் அக்கா. "ஏம்மா, இங்க வா. கீழ யாரோ நிக்கறாங்க பாரு" என்றாள்.

என் மனைவி எழுந்து வந்தாள். படத்துக்கு முன் மண்டி போட்டு, முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். "தோளப் பாருங்க. அவன் தோளுதான். எம் புள்ள வந்துட்டான்" என்றாள். அழுது முடித்துவிட்டு, ரசம் சோறு கேட்டாள்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்துக்கொள்வதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். இரண்டு நாள் போகட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அக்கா தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். யாரோ போனில் படம் பிடித்து அனுப்ப, எங்கிருந்தோ ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். "இன்னாங்க, உங்க வூட்டுக்கு வர்றவங்க பைக்கு எல்லாம் என் வாசல்ல நிக்குது. எனக்கும் ஒரு சுண்டல் குடுக்கக்கூடாதா?" என்று எதிர் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். பேஜாராக இருந்தது. ஆனால் அவள் தலைவாரிக்கொண்டாள், வந்தவர்களிடம் பேசினாள். நான் சொன்னால் மறுபடி பட்டினி கிடப்பாளோ என்று அடங்கியே இருந்தேன்.

ஒரு நாள் பெரணமல்லூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. குழந்தைக்கு வயிற்றில் கட்டியாம்.

"வேலூர்ல ஆபரேசனுக்கு வரச் சொல்லிட்டாங்கம்மா. பயமா கீது. உங்க புள்ளைய கேட்டு ஒரு வார்த்த சொல்லும்மா. இட்டுகினு போவட்டா, இல்ல இந்த விபூதியே பூசிகினு இருக்கட்டா?"

என் மனைவி விபூதித் தட்டைக் கையில் எடுத்தாள். படத்தைப் பார்த்து, "இரும்மா, கேக்கறேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்றேன். "ஜல்தியா போ. இங்க கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எம் புள்ள சாமி இல்ல. அது அவன் போட்டோ எடுக்கும்போது விழுந்த நிழல். முதல்லயே இருந்துச்சு. அட்டை வச்சு மறைச்சப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

அந்தப் பெண், "அப்படிங்களா" என்று மட்டும் சொல்லி, குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டு எழுந்தாள். ஆபரேஷன் முடிந்து குழந்தை நன்றாக இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அது டாக்டர்களின் கையும் கடவுள் செயலும். அதற்கும் எங்கள் வீட்டுப் படத்துக்கும் சம்பந்தம் இல்லை.

எல்லாரும் போன பிறகு என் மனைவி கேட்டாள்: "எடுத்தப்பவே இருந்தானா?"

"இருந்தான்."

"இந்த ரூமுக்குப் படம் வந்த அன்னிக்கே?"

"ஆமா."

அவள் விரலால் கண்ணாடியைத் தொட்டாள். தினமும் குங்குமம் வைக்கிற இடத்தைத் தொட்டு, அங்கிருந்து நிழலுக்கு விரலை இறக்கினாள். "அவன் உயிரோட இருந்த நாளெல்லாம் நான் பொட்டு வச்சதுக்குக் கீழ, இதோ, இவ்வளவு கிட்ட இருந்திருக்கான். எனக்குக் காட்டலையே."

"அவன்தான் மறைக்கச் சொன்னான்."

"அவன் சொல்லுவான். நீங்க கேக்கலாமா?"

நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

நான் பயந்தபடி அவள் பட்டினி கிடக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே படத்தை எடுத்துக் கூடத்தில் மாட்டச் சொன்னாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்றேன்.

"சாமி பக்கத்துல இருந்தா அவன கும்புடத்தான் முடியும். எனக்கு அவன திட்டணும்" என்றாள்.

திட்டவும் செய்கிறாள். கூடத்தைப் பெருக்கும்போது படத்தின் எதிரில் நின்று, "இந்தக் குளிர்ல ஸ்வெட்டர் போட்டுகினு போனியாடா?" என்று கேட்பாள். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

அவனோடு வேலை பார்த்த நண்பன் அவன் எடுத்த படங்களையெல்லாம் அனுப்பிவைத்தான். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்வோம். எந்த ஊர், எந்தக் கோயில், என்ன பறவை என்று எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் கீழோரத்தைத்தான் முதலில் பார்ப்பாள். எதிலும் நிழல் இல்லை. அவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறான். இருந்தும் அவள் விடுவதில்லை. ஒரு தேவாலயத்தின் உட்கூரையைப் பார்த்துவிட்டு, "தரையில படுத்துகினு எடுத்திருக்கான். சட்டையெல்லாம் அழுக்காயிருக்கும்" என்கிறாள். சிங்கம் முகம் நிறைய இருக்கிற படத்தில், "இவ்ளோ கிட்ட போயிருக்கான் பாருங்க. சொன்ன பேச்ச எப்ப கேட்டான்" என்று மூக்கைச் சிந்துகிறாள். அது தூரத்திலிருந்து எடுக்கிற லென்ஸ் என்று அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். அதை நான் அவளிடம் சொல்வதில்லை. அந்த அளவுக்காவது அவன் பக்கத்தில் இருக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். எதையும் சேர்க்க வேண்டாம், எதையும் விட வேண்டாம். நான் தினமும் கடவுளைக் கும்பிடுகிறவன். நடக்காத ஒன்றை அவர் பெயரில் ஏற்றினால் அவருக்குப் பெருமை சேராது. விபூதி கொட்டவில்லை. செத்த பிறகு யாரும் வந்து நிற்கவும் இல்லை. ஒரு நாள் காலையில், தூர தேசத்தில், வெயில் முதுகில் அடிக்க, என் மகன் உயிரோடு நின்றான். அப்போது விழுந்த நிழல் அது.