‘பைப் ஆச்சா?’ என்று கேட்ட நாள்

1. வடக்கு மூலை

முதல் கான்கிரீட் லாரி உள்ளே வந்து நின்ற பிறகுதான் நான் கான்கிரீட் கொட்டவிருந்த கூரைத் தளத்தின் வடக்கு மூலைக்குப் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கம்பி கட்டியிருந்தது. கம்பிக்கு நடுவே ஓட வேண்டிய கரண்ட் பைப் மூன்று அறைகளுக்கு இல்லை.

திருவந்திபுரம் போகும் சாலையில், கல்யாணக் கூட்டம் தங்குவதற்கான லாட்ஜ் அது. நான் சைட் சூப்பர்வைசர். பிளஸ் டூவைப் பிரைவேட்டாக எழுதித் தேறி, கல்லூரியில் ஒரு வருஷம்கூட முடிக்காமல், துபாய், தோஹா, சூரத் என்று ஒன்பது கம்பெனி மாறிக் கடலூர் வந்தவன். அடுத்த வேலைக்கு இன்சார்ஜ் ஆக டிகிரி வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சிதம்பரத்தில் ஓர் அஞ்சல் வழிப் படிப்பு மையத்தில் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் டிகிரி இருந்தது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து மூன்று வாரமாகப் பையில் சுமந்தேன். நாற்பத்தொரு வயதில் இது தேவையா என்று முடிவாகவில்லை. அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும்.

2. பைப்

எலக்ட்ரீஷியன் முருகனைக் கூப்பிட்டேன்.

“ஏம்ப்பா, நேத்து சாயந்திரம் போன்ல பைப் ஆச்சான்னு கேட்டேன்ல?”

“ஆமா பாய். ஆச்சுன்னு சொன்னனே.”

“எங்கடா ஆச்சு?”

கையை நீட்டினான். படிக்கட்டோரம் பைப் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. “எறக்கியாச்சு. மேல ஏத்தியும் ஆச்சு. லோடு வந்துச்சான்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன் பாய்.”

அவன் பொய் சொல்லவில்லை. முந்தின நாள் மதியமெல்லாம் லோடு வரவில்லை என்றுதான் அவனிடம் கத்தியிருந்தேன். சாயந்திரம் அதே ஆள் ‘பைப் ஆச்சா’ என்றால் அவனுக்கு வேறென்ன தோன்றும்? அந்த ஒரு சொல்லை நம்பி, செக்லிஸ்டில் பைப் வரிக்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டது நான்.

புராஜெக்ட் மேனேஜர் தேன்மொழி மேலே ஏறி வந்தார். இருபத்தேழு வயது. நான் சேரலாமா என்று யோசித்த அதே படிப்பைப் படித்தவர்.

“பாய், இது உங்க சைன்தானே?”

“ஆமாம்மா.”

“நேர்ல பாத்தீங்களா?”

“இல்ல. ஆச்சுன்னான்.”

திட்டியிருந்தால் தேவலை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கலவை லாரிக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பைப் இல்லாமல் கொட்டினால் மூன்று அறையிலும் கூரையைக் குடைய வேண்டும். இரண்டாவது லாரியும் வாசலுக்கு வந்துவிட்டது.

“தெற்குலேருந்து கொட்டுவோம்மா,” என்றேன். “பம்பைத் திருப்பச் சொல்றேன். முருகா, நாலு பேரோட வடக்க ஓடு. எவ்ளோ நேரம்?”

“ஆயிடும் பாய்.”

“ஆயிடும்னு இன்னொரு தடவ சொன்ன, கீழ தள்ளிடுவேன். மணி சொல்லு.”

“ஒன்னேகால் மணி நேரம்.”

கலவை தெற்கிலிருந்து நகர்ந்து வந்தது. முருகன் கம்பிகளுக்கு அடியில் கையை விட்டுப் பைப்பை இழுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது லாரி டிரைவர் போன் செய்தார்.

“பாய், முகூர்த்த நாளு. முன்னால மூனு மாப்ள காரு, ஒரு பேண்டு செட்டு. நவுர மாட்றானுங்க.”

“பேண்டு நல்லா வாசிக்கிறானா? ஒரு பாட்டு கேட்டுட்டு வாங்க,” என்றேன். அவருக்குப் புரியவில்லை. அந்த லாரி பதினைந்து நிமிஷம் தாமதமானதுதான் எங்களைக் காப்பாற்றியது. கடைசிப் பைப்பை முருகன் கட்டும்போது கலவை அவன் காலைத் தொட்டுவிட்டது. அவசரத்தில் ஓர் அறையில் ஃபேன் மாட்டும் பாக்ஸுக்குள் கலவை புகுந்தது. அதைப் பிறகு உடைத்துத்தான் எடுத்தோம்.

3. ஐந்து மணிக்குள்

கொட்டி முடித்தபோது மணி இரண்டரை. தேன்மொழியிடம் கேட்டுவிட்டேன்.

“இந்தப் படிப்பு இருந்திருந்தா இது நடந்திருக்காதாம்மா?”

“நான் படிச்சவதானே பாய். உங்க டிக்கைப் பாத்துட்டு நானும் ஏறிப் பாக்கல.”

“அப்ப எதுக்குப் படிக்கணும்?”

“தெற்குலேருந்து கொட்டலாம்னு எனக்குத் தோணல. உங்களுக்குத் தோணுச்சு. ஆனா அதெல்லாம் உங்க தலைக்குள்ளயே இருக்கு. நாளைக்கு நீங்க வரலன்னா இந்த சைட்டுல யாருக்குத் தெரியும்?”

ஒன்பது கம்பெனியை விட்டு வந்திருக்கிறேன். எந்த இடத்திலும் எனக்குப் பின்னால் வந்தவருக்கு நான் ஒரு தாள்கூட எழுதி வைத்ததில்லை. அப்படி எழுதி வைக்க எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

“கெளம்புங்க பாய். தளத்தை நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்கறேன்னா?”

சிரித்துவிட்டார். “ஆறு மணிக்கு, தளம் காயாம ஈரச் சாக்கு மூடி, போட்டோ எடுத்து அனுப்பறேன். போதுமா?”

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மையத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு ஐம்பது. கவுன்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

“சர்டிபிகேட் எல்லாம் எடுத்தாச்சா?”

‘ஆச்சு’ என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

“மார்க் ஷீட் ரெண்டும் கையில இருக்கு சார். டி.சி. வீட்டுல இருக்கு. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குக் கொண்டாந்து தரேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இவ்ளோ வெவரமா யாரும் சொல்றதில்ல சார்,” என்று அதை அப்படியே விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதி முத்திரை குத்தினார்.

புதிதாக சைட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். போனில் ‘ஆச்சா’ என்று கேட்காதீர்கள். எது முடிந்தது, எங்கே, எவ்வளவு மீதி என்று கேளுங்கள். பிறகு ஏறிப் போய்ப் பாருங்கள். டிகிரி ஆச்சா என்று என்னைக் கேட்பவர்களுக்கும் நான் அப்படித்தான் பதில் சொல்கிறேன். ஐந்து பேப்பர் எழுதியிருக்கிறேன். நாலில் தேறினேன். கணக்கியல் இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவது தடவைக்கு ஹால் டிக்கெட் வந்திருக்கிறது.