முன் பெஞ்சில் வந்த குறட்டை

லண்டன் ராஜா ஆண்ட காலத்தில், பாஸ்டன் பக்கத்து ஆஷ்கோட் ஊரில் பீப்பாய் செய்து பிழைத்த யோதாம், நின்றால் கூரையிடிக்கும் உயரம். அந்த உயரத்துக்காகவே ஊர்க்கூட்டம் அவனுக்கு ஒரு பதவியைத் தூக்கிக் கொடுத்தது. ஞாயிறு தோறும் சபைக் கூடத்தில் நீளக் கோலோடு நின்று, பிரசங்க நேரத்தில் தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டும். கோலின் ஒரு முனையில் நரிவால்; அது பெண்களின் முகத்தில் லேசாகத் தடவ. மறுமுனையில் மரக்குமிழ், அது ஆண்களின் மண்டைக்கு.

பதவி பெரியதுதான். ஏனென்றால் அசரியா போதகரின் பிரசங்கம் அவ்வளவு நீளம். அவர் "முதலாவதாக" என்று ஆரம்பிக்கும்போது இட்ட முட்டை, "கடைசியாக" என்று சொல்லும்போது சேவலாகிக் கூவும். மணல் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பியே அதன் கண்ணாடி தேய்ந்துவிட்டது என்பார்கள்.

ஆனால் அந்த மாதம் ஊரே விழித்துக்கொண்டுதான் கேட்டது. போதகர் மோட்சத்தை விட்டுவிட்டு ராஜாவைப் பிடித்துக்கொண்டார். அதிகாரம் கடவுள் கொடுத்தது. இது முதல் ஞாயிற்றுத் தலைப்பு. ஜனங்களின் நன்மைக்காகக் கொடுத்தது, இது இரண்டாவது ஞாயிறு. அந்த நன்மையைச் செய்யாத ராஜாவுக்குக் கீழ்ப்படிய வேண்டுமா? அந்த மூன்றாவது தலைப்பை அடுத்த ஞாயிற்றுக்கு வைத்துவிட்டார்.

யோதாமுக்கு வாய் சும்மா இருக்குமா? சாராய விடுதியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரரிடம், எங்கள் போதகர் தும்மினால் லண்டனில் ராஜாவின் கிரீடம் சரியும் என்று அளந்து விட்டான். அந்த மனிதர் இன்னொரு குவளை வாங்கிக் கொடுத்து தலைப்புகளைப் பற்றி ஊரார் பேசிக்கொண்டதையெல்லாம் அவனிடமிருந்து கறந்துகொண்டார்.

ஞாயிறு காலை அதே மனிதர் சரிகைக் கோட்டோடு கூடத்து வாசலில் குதிரையை விட்டு இறங்கினார். பெயர் ஹார்வுட். கவர்னரின் ஆள்.

"நீ சொன்ன மூணாவது தலைப்பைக் கேக்கத்தாம்ப்பா வந்தேன்" என்று யோதாமின் தோளைத் தட்டினார். "ராஜாவுக்கு விரோதமா ஒரு வார்த்தை வரட்டும், உங்க ஐயா நாளைக்கு பாஸ்டன் ஜெயில்ல பிரசங்கம் பண்ணுவாரு."

யோதாம் ஓடிப்போய்ப் போதகரிடம் சொன்னான். இன்றைக்கு மட்டும் நோவாவின் பேழையைப் பற்றிப் பேசுங்கள் என்று கெஞ்சினான். அவர் கேட்கவில்லை. மூன்றாவது தலைப்பு இல்லாத பிரசங்கம் அடி இல்லாத பீப்பாய் என்று சொல்லிவிட்டுப் பீடத்தில் ஏறினார்.

அந்தஸ்துப்படி ஹார்வுட் துரைக்கு முன் பெஞ்சு கிடைத்தது. காலையில் விடுதியில் உப்புப் பன்றிக்கறியையும் ஆப்பிள் சாராயத்தையும் ஒரு பிடி பிடித்திருந்தார். போதகர் பழைய தலைப்புகளை மறுபடி நினைவுபடுத்த, முதல் தலைப்பிலேயே துரையின் தலை சாய்ந்தது. இரண்டாவதில் குறட்டை கிளம்பியது. அந்தக் குறட்டைக்கு ஜன்னல் ஆடியது. பக்கத்து ஊர் மாடு பதில் சொன்னது.

யோதாமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கொலுவில் வைத்த பொம்மை மாதிரி அசையாமல் நின்றான். தூங்கு ராசா தூங்கு என்று மனசுக்குள் தாலாட்டே பாடினான்.

மூன்றாவது தலைப்புக்கு வந்த போதகர் வாயைத் திறந்தார், மூடினார். பிரசங்கத்தில் ஒருவன் தூங்குவது அவருக்குத் தாங்காது.

"யோதாம், உன் வேலையைச் செய்."

"ஐயா, பாவம், தூரத்துலேருந்து வந்தவரு. அலுப்பா இருக்கும்."

"போன மாசம் மாடு மேய்க்கிறவன் தூங்குனான். அவன் மண்டையில போட்டியா இல்லையா?"

"போட்டேனுங்க."

"ராஜா ஆளுக்கு ஒரு சட்டம், மாட்டுக்காரனுக்கு ஒரு சட்டமா? அது கூடாதுன்னுதானே நான் இங்க தொண்டை கிழியப் பேசிக்கிட்டிருக்கேன்?"

மூன்று வாரப் பிரசங்கமும் யோதாமின் கைக்கோலில் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு குமிழை இறக்கினான். துரை துள்ளி எழுந்து, "இன்னொரு குவளை ஊத்து" என்று கூடமே கேட்கச் சொன்னார். கொல்லென்று சிரிப்பு. போதகர் மட்டும் சிரிக்கவில்லை. கடமையைக் கைவிட்ட ராஜாவுக்கு ஜனங்கள் கீழ்ப்படியத் தேவையில்லை என்று துரையின் முகத்துக்கு நேரே மூன்றாவது தலைப்பை முழங்கினார்.

வெளியே வந்ததும் துரை போதகரின் கையைப் பிடித்தார். ஊர் நீதிபதியாகவும் இருந்த மூப்பர் ஏபேரிடம், இந்த ராஜதுரோகத்துக்கு நானே சாட்சி என்றார்.

மூப்பர் நிதானமாக மூக்குப்பொடி போட்டார். "எந்த நேரத்து சாட்சி, துரை? தட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"பின்னாடி நீங்க குவளை கேட்டதைத்தான் ஊரே கேட்டுச்சு. விடுதியில இருக்கிறதா நினைச்ச மனுஷன், பிரசங்கத்தைக் கேட்டாரா, கனவு கண்டாரா? பாஸ்டன் கோர்ட்ல கேப்பாங்களே."

துரை சிவந்துபோய் யோதாம் பக்கம் திரும்பினார். "இவன் சொல்லட்டும். அன்னைக்கு எல்லாத்தையும் சொன்னவன் இவன்தான்."

யோதாம் கோலை ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் சொன்னது சத்தியம். "துரை, நான் யாரு தூங்குறான்னு பாக்குற ஆளு. நாலு வருஷமா ஒரு பிரசங்கமும் காதுல விழுந்ததில்ல. அன்னைக்குப் பேசினது நானில்ல, நீங்க வாங்கி ஊத்தின சாராயம்."

ஜனங்கள் மறுபடி சிரித்தார்கள். பாஸ்டனிலும் இப்படித்தான் சிரிப்பார்கள் என்பது துரைக்குப் புரிந்துபோயிற்று. போதகரின் கையை விட்டார். குதிரையை அவர் தட்டிய தட்டில் புழுதி மட்டும்தான் மிஞ்சியது.

யோதாம் அப்படியே புல்லில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். அவன் மனைவி கேத்தூராள் ஆறிப்போன அவரைக்காயையும் கறுப்பு ரொட்டியையும் எடுத்து வைத்து, "இனிமே விடுதிக்குப் போனா வாயை வீட்டுல வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

அதற்குள் போதகர் வாடிய முகத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"நாலு வருஷமா ஒண்ணுமே கேக்கலையா, யோதாம்?"

"இல்லீங்களே, ஐயா."

போதகர் புல்லில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதலாவதாக" என்று ஆரம்பித்தார். ரொட்டியை மென்றபடி யோதாம் தலையாட்டினான். பேசட்டும், பொழுது சாயும் வரைக்கும் பேசட்டும் என்றிருந்தது அவனுக்கு.