இருபத்தாறு நிமிட இருட்டு

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து நிற்கும் ஏழுமாடித் தொடர்மாடி ஒன்றின் நிருவாக சபை, சாந்தகுமாரின் நியமனக் கடிதத்தில் அவரை இப்படி விவரித்திருந்தது: 'மின்பிறப்பாக்கி இயக்குநர். மின்தடை ஏற்பட்ட மறுகணமே கட்டடத்தில் இருளை முற்றாக நீக்குபவர்.'

இருளை நீக்கச் சம்பளம் வாங்கிய இந்த மனிதருக்கு உலகத்தில் வேண்டியிருந்ததெல்லாம் கொஞ்சம் இருட்டுத்தான். நம் பால்வீதிக்கு அடுத்த வீட்டுக்காரியான அன்ட்ரோமீடா என்ற பெரிய சுருள் விண்மீன் மண்டலத்தை ஒருமுறை தன் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று மூன்று வருடமாக அலைந்தார். குடியிருந்த கொட்டாஞ்சேனையில் துறைமுக விளக்குகள் விடவில்லை. வேலைசெய்த கட்டடத்தின் மொட்டைமாடியில் வானம் தாராளம். ஆனால் நான்கு பெரிய விளக்குகள். கரண்ட் போனால் அவையும் அணையும். அணைந்ததும் சாந்தகுமாரே ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டு எரியவைப்பார். தன் தலையில் தானே மண்ணள்ளிப் போடுவதில் அவர் ஒருநாளும் பிந்தியதில்லை.

ஜனவரியில் ஒரு மாலை. மழை கழுவிவிட்ட வானம், நிலவில்லை. ஏழு இருபதுக்குக் கரண்ட் போனது. சாந்தகுமார் ஜெனரேட்டர் சாவியில் கை வைத்தார். கையை எடுத்தார். லிப்ட் கீழே வெறுமையாக நிற்பதை டோர்ச் அடித்து உறுதிப்படுத்திக்கொண்டு, பைனாக்குலரோடு ஏழு மாடியும் படியேறினார்.

வடமேற்கில், கடலுக்கு மேலே அது இருந்தது. கண்ணாடியில் மூச்சு படிந்தாற்போல ஒரு மங்கல். அவ்வளவுதான். அதற்கே அவர் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தார்.

விசிறி சுழலாத வீட்டுக்குள் வெள்ளவத்தை ஆட்கள் ஐந்து நிமிடம் இருக்கமாட்டார்கள். காற்றுக்காக ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். முதல் ஆள் சபைச் செயலாளர் வரதராசா, இடுப்பில் கட்டிய சாரத்தோடு, மூச்சிரைக்க.

"என்ன ஐசே, மெஷின் பழுதோ?"

"இல்லை சேர். நான்தான் போடேல்லை."

"போடேல்லையோ? வேலையிலை இருக்க விருப்பமில்லையோ உமக்கு?"

"இருக்கு சேர். முதல் இதைப் பாருங்கோ, பிறகு வேலையால நிப்பாட்டுங்கோ."

வரதராசா பைனாக்குலரைப் பறித்தது கோபத்தில்தான்.

"ஒண்டையும் காணேல்லை."

"கொஞ்சம் இடப்பக்கம், சேர்."

"இந்தப் புகை மாதிரியோ?"

"ஓம் சேர். அந்த வெளிச்சம் இருபத்தைஞ்சு லட்சம் வருசத்துக்கு முன்னம் வெளிக்கிட்டது."

"காலி வீதி ட்ரபிக்குக்குள்ளால வந்திருக்கும்," என்றார் பின்னால் நின்ற மூன்றாம் மாடி பர்ஸானா.

எல்லோரும் சிரித்தார்கள். வரதராசா மட்டும் பைனாக்குலரை இறக்கவில்லை.

"சேர், பின்னுக்கு லைன் நிக்குது."

"பொறும் காணும். செயலாளர் வடிவாப் பாக்க வேண்டாமோ?"

அடுத்த கூட்டத்தில் சபை சாந்தகுமாரைக் கண்டித்துத் தீர்மானம் எழுதியது, ஆனால் அவரது வேலை தப்பியது. தீர்மானத்தை முன்மொழிந்த வரதராசா, அடுத்த கரண்ட் கட் எப்போது வரும் என்று அவரிடம் தனியாக விசாரித்தார்.

அந்த மாலை சாந்தகுமார் இருபத்தாறு நிமிடம் ஜெனரேட்டரைப் போடவில்லை. அன்ட்ரோமீடாவைத் தானும் பார்த்து, பதினாறு பேருக்குக் காட்டினார்.